ஜே ரைட் போன பிறகு வில்லனோவா: சரிந்தது எதனால், மீள என்ன வேண்டும்?

கேள்வியின் சாரம் இது: 21 சீசன் ஜே ரைட் என்ற ஒரே பயிற்சியாளரின் கீழ் ஆடி இரண்டு தேசியப் பட்டம் வென்ற வில்லனோவா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, அவர் விலகிய பிறகு மூன்று ஆண்டு என்.சி.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டிக்கே போகவில்லை. அவர் விலகிய அதே 2022-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் அதைவிடப் பெரிய தலையான மைக் ஷெஷெவ்ஸ்கி ஓய்வு பெற்றார். அங்கே ஒரு சலசலப்பும் இல்லை. ஏன் இப்படி? 2025-ல் பயிற்சியாளராக வந்த கெவின் வில்லார்டால் சரிசெய்ய முடியுமா?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ரைட்டுக்குப் பின் வந்த கைல் நெப்டியூனுக்கு அனுபவம் போதவில்லை என்பது. அதில் உண்மை இருக்கிறது. ரைட்டிடம் பல ஆண்டு உதவியாளராக இருந்தவர். ஆனால் தலைமைப் பயிற்சியாளராக இருந்தது ஃபோர்டாமில் ஒரே ஒரு சீசன், 16 வெற்றி, 16 தோல்வி. ஆனால் பழியை அந்த ஆள்மேல் போட்டு முடித்துவிடுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ரைட் 2001-ல் ஹோஃப்ஸ்ட்ராவிலிருந்து வில்லனோவாவுக்கு வந்தார். அவருடைய முதல் மூன்று சீசன்கள்: 19-13, 15-16, 18-17. மொத்தம் 52 வெற்றி, 46 தோல்வி. மூன்று முறையும் என்.சி.ஏ.ஏ. அழைப்பு இல்லை, இரண்டாம் நிலைப் போட்டியான என்.ஐ.டி.தான். நெப்டியூனின் மூன்று சீசன்கள்: 17-17, 18-16, 19-14. மொத்தம் 54 வெற்றி, 47 தோல்வி. இவருக்கும் மூன்று முறையும் அழைப்பு இல்லை. தாளில் பார்த்தால் சீடர் குருவைவிட இரண்டு ஆட்டம் கூடவே வென்றிருக்கிறார். குருவுக்கு இன்னும் 18 ஆண்டு கிடைத்தது. சீடர் 2025 மார்ச் 15 அன்று நீக்கப்பட்டார்.

எதிர்பார்ப்பு ஏறிவிட்டது என்பது பாதிக் காரணம்தான். 2004-ல் ரைட்டின் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 2002-ல் சேர்த்த நால்வர், ராண்டி ஃபாய், ஆலன் ரே, கர்ட்டிஸ் சம்ப்டர், ஜேசன் ஃப்ரேசர், அப்போது இரண்டாம் ஆண்டை முடித்திருந்தார்கள். தோற்றுத் தோற்றுப் பழகியவர்கள், ஆனால் வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு சீசன் முழுக்க உட்கார வேண்டும் என்ற விதி இருந்ததால் இருந்த இடத்திலேயே வளர்ந்தார்கள். அடுத்த ஆண்டு 24-8, அதற்கடுத்த ஆண்டு 28-5. அந்த 28-5 அணிதான் நான்கு கார்டுகளை (பந்தைக் கையாண்டு வெளியிலிருந்து ஆடுபவர்கள்) ஒன்றாக இறக்கி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த நான்கு கார்டுகளில் ஒருவரான மைக் நார்டி, நெப்டியூன் போன பிறகு 2025-ல் சில நாள் இடைக்காலப் பயிற்சியாளராக அணியை நடத்தினார் என்பது ஒரு விசித்திரமான சுற்று.

இன்றைக்கு 2002-ல் சேர்ந்த அதே நால்வர் 18-17 முடித்திருந்தால், ஏப்ரலிலேயே நான்கு பேரும் நான்கு கல்லூரிச் சட்டை போட்டிருப்பார்கள். வில்லனோவாவின் சரிவை இந்த இடத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

ரைட்டின் கல்லூரி எதனால் ஓடியது? பழுத்த ஆட்டக்காரர்களால். 2018 பட்ட அணியை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஆறு பேர்: ஜேலன் பிரன்சன், ஃபில் பூத், மிக்கால் பிரிட்ஜஸ், எரிக் பாஸ்கல், ஓமாரி ஸ்பெல்மன், டான்டே டிவின்சென்சோ. இதில் பிரன்சன் தவிர மற்ற ஐவரும் ஏதோ ஒரு காரணத்தால் ஒரு சீசன் ஆடாமல் உட்கார்ந்து பயிற்சி மட்டும் எடுத்தவர்கள். பூத்துக்கும் டிவின்சென்சோவுக்கும் காயம், பாஸ்கலுக்குக் கல்லூரி மாறியதால் வந்த தடை, ஸ்பெல்மனுக்குப் படிப்புத் தகுதிச் சிக்கல், பிரிட்ஜஸுக்கு உடம்பு தேறட்டும் என்ற முடிவு. ரெட்ஷர்ட் என்று சொல்வார்கள். ஒரு வருடம் சும்மா இருப்பது தண்டனை மாதிரித் தெரியும். அங்கே அதுதான் பாடத்திட்டமே.

என்ன பாடம் என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். வில்லனோவா கார்டு பந்தோடு பெயிண்டுக்குள், அதாவது வளையத்துக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள், நுழைகிறார். மற்ற கல்லூரிகளில் அந்த வேகத்திலேயே ஒரு காலில் எழும்பி வளையத்தை நோக்கிப் போவார்கள். இவர் இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் தரையில் பதித்து நிற்பார். இதுதான் ஜம்ப் ஸ்டாப். இரண்டு பாதமும் ஒன்றாக விழுவதால் எந்தக் காலை வேண்டுமானாலும் ஊன்றுகாலாக வைத்துக்கொள்ளலாம். பந்து இரண்டு கையிலும், மார்புக்கு அருகில். ஒரு பொய் எறிதல் காட்டுவார். காப்பவர் எழும்பினால் அடியில் நுழைந்து போடலாம், எழும்பாவிட்டால் திரும்பி மூலையில் நிற்பவருக்கு எறியலாம். பிரன்சன் இதையே முதுகைக் காட்டித் தள்ளிக்கொண்டு போய்ச் செய்வார். பார்க்க மந்தமான ஆட்டம். ஆனால் பந்து வீணாகாது, மூன்று புள்ளி வாய்ப்பு தானாகத் திறக்கும். 2018 அரையிறுதியில் கான்சாஸுக்கு எதிராக 18 மூன்று புள்ளி போட்டது இந்த வழியில்தான்.

இதில் பிரச்சினை, ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. கார்டு நிற்கும் அந்த அரை நொடியில் மற்ற நால்வரும் எங்கே நகர வேண்டும் என்று சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நின்றவர் சிக்கிக்கொள்வார். ஐந்து நொடி எண்ணி முடிப்பதற்குள் பந்து பறிபோகும். 2016 இறுதி ஆட்டத்தின் கடைசி 4.7 நொடியை நினைத்துப் பாருங்கள். நார்த் கரோலினா சமன் செய்துவிட்டது. ரையன் ஆர்சிடியாகானோ பந்தைக் கொண்டுவர, டேனியல் ஓச்செஃபு மறைப்புப் போட, பின்னால் ஓடிவந்த கிரிஸ் ஜென்கின்ஸ் எறிய, 77-74. பயிற்சியில் ஓயாமல் ஒத்திகை பார்த்த ஆட்டம் அது. ஓச்செஃபு அதற்குச் சற்று முன் துடைப்பானை வாங்கி, தான் நிற்கப்போகும் இடத்தில் இருந்த ஈரத்தைத் தானே துடைத்தார். எந்தப் பலகையில் தன் கால் பதியும் என்று நான்காம் ஆண்டு மாணவருக்குத் தெரியும். ஜூனில் வந்து சேர்ந்தவருக்குத் தெரியாது.

இனி விதிகளின் தேதிகளைப் பாருங்கள். கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்டல் 2018 அக்டோபரில் தொடங்கியது. 2021 ஏப்ரலில், ஒருமுறை உட்காராமலே மாறலாம் என்றார்கள். 2021 ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், என்.ஐ.எல். என்பது அதுதான். 2024 ஏப்ரலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று கதவு முழுதாகத் திறந்துவிட்டது. ரைட் விலகலை அறிவித்தது 2022 ஏப்ரல் 20. அவருடைய ஆலைக்கு மூலப்பொருள் வந்துகொண்டிருந்த வாய்க்கால் அடைபடத் தொடங்கியிருந்த நேரம். அவர் இருந்திருந்தாலும் ஏதோ ஒரு சரிவு இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. 2012-ல் அவரே 13-19 முடித்திருக்கிறார். எழுந்து வர அவருக்குப் பழைய விதிகள் துணை நின்றன.

நெப்டியூன் பெற்ற அணியின் நிலையும் சொல்லத்தக்கது. ஐந்தாம் ஆண்டு ஆட்டக்காரர்களான காலின் கில்லெஸ்பியும் ஜெர்மைன் சாமுவேல்ஸும் முடித்துவிட்டார்கள். ஜஸ்டின் மூர், ஹூஸ்டனுடனான ஆட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்து, அடுத்த ஜனவரி வரை இல்லை. புதிதாக வந்த கேம் விட்மோருக்குக் கட்டைவிரல் அறுவை சிகிச்சை. தேறி ஆடி, அந்த ஒரே ஆண்டில் என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார். போர்டலில் பெயர் கொடுக்கக் கடைசி நாள் மே 1. பொறுப்பேற்றதிலிருந்து 11 நாள். நல்ல ஆட்கள் அதற்குள் பேசி முடித்திருப்பார்கள்.

அடுத்த ஆண்டு அவர் போர்டலில் இறங்கினார். வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து டி.ஜே. பாம்பா, ரிச்மண்டிலிருந்து டைலர் பர்ட்டன், மேரிலாண்டிலிருந்து ஹக்கீம் ஹார்ட். மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள். தவறு எங்கே என்றால், ஆட்களைப் புதிய சந்தையில் வாங்கி, ஆட்டத்தைப் பழைய ஏட்டிலிருந்தே ஆடவைத்தது. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சிக்கு அனுமதி. முதல் ஆட்டத்துக்கு முந்தைய 42 நாளில் அதிகபட்சம் 30 பயிற்சி. மூன்று ஆண்டில் ஊறும் பழக்கத்தை அந்த 30 பயிற்சிக்குள் யாராலும் ஊற வைக்க முடியாது.

விளைவு 2023 நவம்பரிலேயே தெரிந்தது. உள்ளூர்ச் சிறிய அணியான பென்னிடம் தோல்வி. பிறகு பஹாமாஸில் டெக்சஸ் டெக், நார்த் கரோலினா, மெம்ஃபிஸ் மூன்றையும் அடுத்தடுத்த நாளில் வீழ்த்திக் கோப்பை. திரும்பி வந்து பத்து நாளுக்குள் அதே போன்ற செயின்ட் ஜோசப்ஸிடமும் டிரெக்செலிடமும் தோல்வி. திறமை இருக்கிறது, பழக்கம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி தேவையில்லை. பெரிய அணிகள் திறந்து ஆடும்போது தனித்திறமை வேலை செய்கிறது. சிறிய அணி பெயிண்டை அடைத்து, வெளியே விட்டு, ஆட்டத்தை மெதுவாக்கினால், ஐந்து பேரும் சேர்ந்து யோசிக்க வேண்டும், அங்கே உடைந்தது.

இந்தத் தோல்விகள் கௌரவக் குறைச்சல் மட்டுமல்ல, கணக்கிலும் கொல்லும். 2025 என்.சி.ஏ.ஏ. போட்டியின் 68 அணிகளில் 31 இடம் லீக் வெற்றியாளர்களுக்கு. மிச்சம் 37-ஐத் தேர்வுக்குழு நிரப்பியது. குழு, நெட் என்னும் தரவரிசையை வைத்து ஆட்டங்களை நான்கு பிரிவாகப் பிரிக்கும். சொந்த மைதானத்தில் 1 முதல் 30 வரையுள்ள அணி, பொது மைதானத்தில் 1 முதல் 50, எதிரி மைதானத்தில் 1 முதல் 75: இவை முதல் பிரிவு. சொந்த மைதானத்தில் 161-ஆம் இடத்திலோ அதற்குப் பின்னாலோ உள்ளவரிடம் ஆடுவது நான்காம் பிரிவு. அங்கே தோற்றால் மார்ச் வரை அந்தக் கறை போகாது. 2024 நவம்பரில் சொந்த மைதானத்தில் கொலம்பியாவிடம் 90-80 தோற்றபோது, அந்த சீசனின் பாதி வழக்கு அன்றே முடிந்துவிட்டது. நாட்டிலேயே அதிகப் புள்ளி சராசரி வைத்திருந்த எரிக் டிக்சன் அணியில் இருந்தும் நெப்டியூனின் மூன்று ஆண்டுக் கணக்கு, வில்லனோவா ஆடும் பிக் ஈஸ்ட் லீக்கில், 31-29-ல்தான் நின்றது.

டியூக்குக்கு வருவோம். மைக் ஷெஷெவ்ஸ்கி 42 சீசன், ஐந்து பட்டம். 2021 ஜூன் 2 அன்றே "அடுத்த சீசன் கடைசி" என்று அறிவித்து, ஜான் ஷையரை வாரிசு என்றும் சொல்லிவிட்டார். ஏறத்தாழ பத்து மாதக் கைமாற்றம். அந்தப் பத்து மாதமும் ஷையர் ஆள் சேர்த்துக்கொண்டே இருந்தார். டெரெக் லைவ்லி, கைல் ஃபிலிப்பவ்ஸ்கி போன்றோர் அவரை நம்பி வந்தவர்கள். பழையவர் போன அதிர்ச்சி அவர்களுக்கு இல்லை. தேதியைவிடவும் முக்கியமானது வேறு. டியூக் பல ஆண்டாகவே ஒரு சீசன் ஆடிவிட்டு என்.பி.ஏ. போகும் பையன்களை வைத்து, ஆண்டுதோறும் புது அணி கட்டிப் பழகிய இடம். ஆண்டுக்கொருமுறை வீடு மாறுபவனுக்குச் சாமான் கட்டுவது பெரிய வேலையில்லை. அதனால் முதல் ஆண்டிலேயே 27-9, ஏ.சி.சி. லீக் கோப்பை, மூன்றாம் ஆண்டில் கூப்பர் ஃபிளாக்குடன் 35-4, ஃபைனல் ஃபோர் எனப்படும் தேசிய அரையிறுதி.

வர்ஜீனியா இதற்கு எதிர்முனை. டோனி பென்னட்டும் ரைட்டைப் போலப் பழுத்த ஆட்டக்காரர்களை நம்பியவர். மெதுவான ஆட்டம், பெயிண்டை அடைத்த தடுப்பு, 2019 பட்டம். அவர் விலகியது 2024 அக்டோபரில், சீசன் தொடங்க மூன்று வாரம் கூட இல்லை. அந்த நேரத்தில் சந்தையில் ஆளே கிடையாது. உதவியாளர் ரான் சான்செஸ் இடைக்காலமாக நடத்தி 15-17. பிறகு வந்தவர் ரையன் ஓடம், 2018-ல் யூ.எம்.பி.சி. என்ற சிறிய கல்லூரியை வைத்து இதே வர்ஜீனியாவை 74-54 என்று கவிழ்த்து, 16-ஆம் நிலை அணி முதல் நிலை அணியை வெல்வது ஆண்கள் போட்டியில் முதன்முறை என்ற சரித்திரம் படைத்தவர். எதிராளியையே கூட்டி வந்து வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். என் பார்வையில் அது நல்ல தேர்வு.

பழைய காலத்துக்கு யூ.சி.எல்.ஏ. ஒன்றே போதும். 1975-ல் ஜான் வுடன் பத்துப் பட்டத்தோடு போனார். அடுத்து வந்த ஜீன் பார்ட்டோ இரண்டு ஆண்டில் 52 வென்று 9 மட்டும் தோற்றார். தாங்க முடியாமல் கிளம்பிவிட்டார். மறுபடி பட்டம் வந்தது 1995-ல். ஃபுளோரிடாவில் பில்லி டோனவன் 2015-ல் போன பிறகு பட்டம் வர பத்து ஆண்டு ஆனது. அதுவும் அடுத்தவர் கையால் இல்லை, அதற்கும் அடுத்த டாட் கோல்டன் கையால். முதல் வாரிசு பாலமாக முடிவதும், இரண்டாமவர் கரையேற்றுவதும் இந்த விளையாட்டில் அடிக்கடி காண்பது.

இனி வில்லார்ட். 2025 மார்ச் 27-ல் மேரிலாண்டை வைத்து ஃபுளோரிடாவிடம் தோற்று, 30-ஆம் தேதி வில்லனோவா. போர்டல் 24-ஆம் தேதியே திறந்துவிட்டது. ஏப்ரல் 22-ல் மூடும். நெப்டியூனுக்குக் கிடைத்ததைவிட நல்ல காலம், பெயரும் சம்பாதித்தவர். அவர் ரைட் குடும்பத்து ஆள் இல்லை என்பதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அதுவே பலம். 2016 பிக் ஈஸ்ட் இறுதியில் சீட்டன் ஹாலை வைத்து வில்லனோவாவை 69-67 வென்றவர். இந்த லீக்கின் எல்லா மைதானமும் தெரியும், ரைட்டின் ஏடு கையில் இல்லை. ஒன்றை மறக்கக்கூடாது: சீட்டன் ஹாலில் அவருக்கு முதல் என்.சி.ஏ.ஏ. அழைப்பு வந்தது ஆறாவது சீசனில். அப்போது காத்திருந்தார்கள். இன்று நன்கொடையாளர்கள் இரண்டு சீசனுக்கு மேல் பொறுக்க மாட்டார்கள்.

புதுப் பயிற்சியாளரின் முதல் நான்கு வாரத்தில் வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பதே பாதி விதியைத் தீர்மானிக்கிறது. முதல் இரண்டு மூன்று நாளில் பழைய அணியில் யார் வேண்டும் என்று முடிவுசெய்து, அவர்களிடம் ஆடும் நேரத்தையும் தொகையையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். "பார்க்கலாம்" என்றால் மறுநாள் ஏஜென்ட் வேறு கல்லூரியோடு பேசுவார். வில்லார்ட் அப்படித் தக்கவைத்தவர்களில் டைலர் பெர்கின்ஸ் முக்கியமானவர். அடுத்து சென்டரும் (வளையத்தின் கீழ் ஆடும் உயரமானவர்) பாயிண்ட் கார்டும் (ஆட்டத்தை நடத்துபவர்). சந்தையில் இந்த இரண்டுக்குத்தான் முதலில் விலை ஏறும், பக்கவாட்டு ஆட்டக்காரர்கள் மே மாதம் வரை கிடைப்பார்கள். கிராண்ட் கேன்யனிலிருந்து டியூக் பிரென்னன் என்ற சென்டரும், ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பிரைஸ் லிண்ட்சே என்ற கார்டும் வந்தார்கள். சிறிய லீக்கிலிருந்து எடுக்கும்போது அடிக்கடி நடக்கும் தப்பு, ஒரு சீசன் மூன்று புள்ளி சதவீதத்தை நம்புவது. நூறு நூற்றைம்பது எறிதலில் அந்த எண் எப்படியும் ஆடும். ஃப்ரீ த்ரோ சதவீதம் நல்ல கையைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். வெட்டித் தொகுத்த வீடியோவை மூடிவைத்துவிட்டு, பெரிய அணிகளோடு ஆடிய மூன்று ஆட்டங்களை முழுசாகப் பார்க்க வேண்டும்.

பணம். 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர். பெரிய அமெரிக்கக் கால்பந்துக் கல்லூரிகள் பலவற்றில் முக்கால் பங்கு கால்பந்துக்கும், ஏறத்தாழ 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. வில்லனோவாவின் கால்பந்து இரண்டாம் அடுக்கில் ஆடுவது. கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதியைக் கூடைப்பந்துக்கே ஒதுக்கலாம். ஆனால் கால்பந்து டி.வி. ஒப்பந்தப் பணமும் வராது. எனவே உச்சவரம்பு எவ்வளவு என்பதைவிட, நன்கொடையாளர்கள் ஆண்டுதோறும் எவ்வளவு நிச்சயமாகத் தருவார்கள் என்பதுதான் உண்மையான பட்ஜெட். 2023-லேயே பேக்கர் டன்லீவியைப் பொது மேலாளராக அமர்த்தியது சரியான வேலை. பயிற்சியாளரே பேரமும் பேசி, அவரே பெஞ்சிலும் உட்காரவைத்தால் உறவு கெடும்.

எனவே மீளுமா என்றால், அழைப்பு வாங்கும் அணியாக மீள்வதற்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. 2016, 2018 மாதிரி அணி திரும்புமா என்பது வேறு கேள்வி. அதற்கு நல்ல ஆட்டக்காரர்கள் மூன்றாம் ஆண்டும் தங்க வேண்டும், தங்க வைப்பது இப்போது விதியால் நடக்காது, சம்பளத்தால்தான் நடக்கும். இதை மார்ச்சில் பார்க்காதீர்கள். என்.பி.ஏ. தேர்விலிருந்து பெயரை விலக்கிக்கொள்ளும் கெடு மே கடைசியில் முடியும். அதற்கு அடுத்த வாரம் அணிப் பட்டியலை எடுத்து, போன சீசனில் ஆட்டத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆடியவர்களில் எத்தனை பேர் பெயர் இன்னும் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒருவர் இருவர் என்றால் அந்த ஆண்டும் கோடைக்காலச் சந்தைக் கணக்குத்தான். நான்கு பேர் இருந்து, அதில் ஒருவர் பாயிண்ட் கார்டு என்றால், நவம்பரில் முதல் ஆட்டத்துக்கே டிக்கெட் எடுக்கலாம்.